மொட்டைமாடிக் கம்பியும் பட்டாசின் கோபமும்

பட்டாசு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆனால் யாராவது அநியாயமாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், அவளுக்குத் திரி பற்றிக்கொள்ளும். அதனால் வீட்டிலும் பள்ளியிலும் மாடிப்படியிலும் அவள் பட்டாசுதான்.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் வெடித்ததில் அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்டால் நீங்களும் வெடிப்பீர்கள்.

அப்பா லாரி ஓட்டப் போய்விட்டால் வீட்டில் பட்டாசும் அத்தையும்தான். அத்தை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பார். ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. நான்கு மாடியும் மூச்சு வாங்க ஏறித்தான் வர வேண்டும்.

அத்தைக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. அதுதான் வானொலி. பாட்டுக் கேட்கிற வானொலி இல்லை, பேசுகிற வானொலி. மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டால், எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கூடப் பதில் சொல்வார். அதற்கு அத்தை பரீட்சை எழுதி உரிமம் வாங்கி வைத்திருந்தார். வருடத்தில் ஒரே ஒரு வார இறுதியில், இந்த வானொலிக்காரர்கள் எல்லாரும் தங்கள் மைக்கைச் சிறுவர்களுக்குக் கொடுப்பார்கள். போன வருடம் பட்டாசுக்குக் காய்ச்சல். இந்த வருடம் எப்படியும் பேசியே தீருவது என்று இருந்தாள்.

பேச வேண்டுமென்றால் ஆன்டெனா வேண்டுமே! சனிக்கிழமை காலையில் அதையும் செய்தாயிற்று. சம நீளத்தில் இரண்டு செம்புக் கம்பிகள். நடுவில் இரண்டையும் தாங்கிப் பிடிக்க, பழைய காய்கறி நறுக்கும் பலகையிலிருந்து அறுத்தெடுத்த பிளாஸ்டிக் துண்டு. ஒரு முனை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் காலில், மறுமுனை துணி காயப்போடும் கம்பத்தில். நடுவிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் சுவரோரமாக இறங்கி, ஜன்னல் வழியாக அத்தையின் அறைக்குள் வந்தது. அளந்தது, வெட்டியது, ஈயம் வைத்துப் பற்றவைத்தது எல்லாம் பட்டாசு. விரலில் ஒரு சூடுகூடப் பட்டுக்கொண்டாள். வலித்தது, ஆனால் பெருமையாகவும் இருந்தது.

கேபிளின் நுனியில் மாட்ட வேண்டிய வானொலிப் பெட்டி மட்டும் இன்னும் வரவில்லை. அத்தையின் தோழி அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை தூசி படியாமல் இருக்க, கேபிள் நுனிக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி ஜன்னலோரம் தொங்கவிட்டிருந்தார்கள்.

மாலையில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

திறந்தால், குடியிருப்போர் சங்கச் செயலாளர்! படிக்கட்டில் யார் செருப்பைக் கழற்றிவிட்டாலும் கூட்டம் போடுகிற ஆள். அவருக்குப் பின்னால் பாதிக் கட்டடமே நின்றது.

"டிவில படம் கட்டம் கட்டமா உடையுது. எல்லார் வீட்டுலயும்! காலைல கம்பி கட்டினீங்க, அப்ப புடிச்சு இதே ரோதனை!" என்றார் செயலாளர்.

"நாளைக்கு ஃபுட்பால் இறுதிப் போட்டி வேற இருக்கு," என்று ஒரு குரல் வந்தது.

இரண்டாம் மாடித் தையல்கார அக்கா கைக்குழந்தையோடு முன்னால் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "டிவிய விடுங்க. என் கொழந்த மத்தியானம் பூரா கண்ணே மூடல. அந்தக் கம்பிலேர்ந்து என்னவோ வருது. சின்னப் பொண்ணு கையில இதையெல்லாம் கொடுத்தா வேற என்ன ஆகும்?"

சின்னப் பொண்ணு! பட்டாசுக்குத் திரி பற்றியது.

"ஒரு நிமிஷம் இருங்க!" உள்ளே ஓடியவள், ஜன்னலோரம் தொங்கிய கேபிளை இழுத்து வந்து, எல்லோர் மூக்குக்கும் நேராக நீட்டினாள். "இது எங்க போகுதுன்னு பாருங்க. எங்கயும் போகல! ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போகுது, அவ்வளவுதான். பெட்டியே இன்னும் வரல. இது எப்படி உங்க டிவியக் கெடுக்கும்?"

பட்டாசு ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

செயலாளர் அந்தப் பிளாஸ்டிக் பையை உற்றுப் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? மாட்டாமலே இவ்வளவு கெடுதுன்னா, மாட்டினா என்ன ஆகும்!"

"அதானே!" என்றது கூட்டம்.

சொல்லுங்கள், இதைக் கேட்டுக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? பட்டாசு வாயைத் திறப்பதற்குள் செயலாளர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஞாயிறு சாயங்காலம் போட்டி தொடங்குவதற்குள் கம்பி இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவரே ஏறி வெட்டிவிடுவாராம்.

கதவு சாத்தியதும் பட்டாசு குதித்தாள். "என்ன அத்தை இது! அநியாயமா இல்ல? நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நான் எங்க சொல்றது? எனக்கும் சேத்து நீயே கத்திட்டியே," என்றார் அத்தை.

மறுநாள் பெட்டி வந்தது. கேபிளை மாட்டி, பெட்டியைப் போட்டதும் பட்டாசுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"பாத்தியா? டிவிய உடைக்கிறது எதுவோ, அதுதான் நம்மளையும் உடைக்குது," என்றார் அத்தை. "முதல்ல நம்ம வீட்டுலேர்ந்து வருதான்னு பாக்கலாம். மெயின அணை."

"நம்ம வீடா? நீயும் அவங்க கட்சியா!"

"அடுத்த வீட்டச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டப் பாத்துடணும்டி."

முறைத்துக்கொண்டே போய் மெயினை அணைத்தாள். பெட்டியை பேட்டரியில் ஓடவிட்டார்கள். இரைச்சல் கொஞ்சம்கூடக் குறையவில்லை. "இப்ப நம்பறியா?" என்று கேட்பதற்குள் அத்தையின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம்.

அத்தை கருவிப் பையைத் தூக்கினார். "நான் வர்ற வரைக்கும் மைக்கத் தொடாத. கேக்கலாம், பேசக் கூடாது. உரிமம் என் பேர்ல இருக்கு, புரியுதா?"

"புரியுது. ஆனா நேரம் ஆகுதே அத்தை!"

அத்தை அதற்குள் இரண்டு மாடி இறங்கியிருந்தார்.

பட்டாசு பெட்டியை முறைத்தாள். பெட்டி 'கர்ர்ர்' என்றது. அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்ற முடியாது. ஆனால் அப்பாவின் பழைய கையடக்க ரேடியோ இருக்கிறதே! அதை எடுத்து, எந்த நிலையமும் வராத ஓரிடத்தில் முள்ளை வைத்தாள். அதிலும் அதே இரைச்சல், மெலிதாக.

ரேடியோவைக் கையில் பிடித்தபடி படியில் இறங்கினாள். மூன்றாம் மாடியில் இரைச்சல் பெரிதானது. இரண்டாம் மாடியில் இன்னும் பெரிதானது. முதல் மாடிக்குப் போனால் குறைந்தது. மறுபடி இரண்டாம் மாடிக்கு ஏறி, ஒவ்வொரு கதவாகப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கதவுக்கு முன்னால் ரேடியோ உறுமித் தள்ளியது.

அது தையல்கார அக்காவின் கதவு.

'ஓஹோ! அப்படியா சங்கதி!' நேற்று எல்லோர் முன்னாலும் 'சின்னப் பொண்ணு' என்றாரே, அவர் வீட்டிலிருந்தா வருகிறது? பட்டாசு உள்ளங்கையால் கதவைத் தட்டினாள், கட்டடமே கேட்கட்டும் என்று.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. அக்கா உதட்டில் விரலை வைத்திருந்தார். "ஷ்ஷ்! இப்பதான் தூங்கிச்சு. உனக்குப் புண்ணியமாப் போகும், சத்தம் போடாத."

அறை முழுக்கத் துணிக் குவியல். தையல் மிஷின் பக்கத்தில் ஒரு புதிய மின்தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. தொட்டில் அந்தப் பக்கம் போனால் ரேடியோ 'கர்ர்ர்'. நின்று திரும்பும்போது அமைதி. இந்தப் பக்கம் வந்தால் மறுபடி 'கர்ர்ர்'. பட்டாசு அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள்.

அக்கா ரேடியோவைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நேத்துக் காலைலதான் வந்துச்சு. நேத்து பூரா ஆட்டி ஆட்டிப் பாத்தும் அதுல படுக்கவே மாட்டேன்னு அடம். இதுவா டிவியக் கெடுக்குது?"

"ஆமா."

"ஐயோ! செயலாளருக்குத் தெரிஞ்சா தொட்டிலத் தூக்கி வெளிய போடச் சொல்லுவாரே. இது ஆட்டினாதான் எனக்கு ரெண்டு கை. நாளைக்குள்ள இத்தன துணியும் தைக்கணும்." துணிக் குவியலைக் காட்டினார். "நேத்து உன்ன வேற ஏசிட்டேன்."

"ஆமா, ஏசினீங்க," என்றாள் பட்டாசு. கோபம் அப்படியேதான் இருந்தது. 'பரவாயில்லக்கா' என்று பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

படியில் செயலாளரின் குரல் கேட்டது. "கம்பியக் கழட்டியாச்சா இல்லையா? இன்னும் கொஞ்ச நேரத்துல போட்டி!" அவரோடு பல கால்களின் சத்தமும் கேட்டது.

ஒரு வார்த்தை போதும். 'இங்கதான் மாமா, வாங்க!' அந்தக் கூட்டம் அப்படியே இந்தக் கதவுக்கு வந்து நிற்கும். அப்படி நிற்கும்போது எப்படி இருக்கும் என்று பட்டாசுக்குத் தெரியும். நேற்று அவள்தானே இந்தப் பக்கம் நின்றாள்.

"உள்ள போங்கக்கா. கதவச் சாத்துங்க. இதோ வரேன்," என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

அத்தையின் மேசை இழுப்பறையில் கறுப்பு வளையங்கள் சில இருந்தன. தேவையில்லாத இரைச்சல் ஒயர் வழியாக வெளியே போகாமல் தடுக்கிற வளையம். இரண்டை அள்ளிக்கொண்டு திரும்பினாள். முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். தொட்டில் நின்றது. குழந்தை ஒரு கண்ணைத் திறந்தது.

"ஐயோ, முழிக்குது!" அக்கா கையாலேயே ஆட்டத் தொடங்கினார். "சீக்கிரம்!"

தொட்டிலின் மெல்லிய ஒயரை வளையத்துக்குள் விட்டு, சுற்றி, மறுபடி விட்டு, மறுபடி சுற்றினாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வளையம், அடாப்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று. குழந்தை வாயைத் திறந்தது. அழப்போகிறதோ என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது ஒரு கொட்டாவி விட்டது. பட்டாசு பிளக்கை மாட்டினாள்.

தொட்டில் ஆடியது. ரேடியோ உறுமவில்லை, முனகவில்லை. அமைதியாக இருந்தது.

அதே நேரம் மூன்றாம் மாடியில் பெரிய கூச்சல்! "வந்துடுச்சு! படம் தெளிவா வந்துடுச்சு!"

பட்டாசு வெளியே வந்தாள். படிக்கட்டில் செயலாளர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "நான்தான் அப்பவே சொன்னேனே! கம்பியக் கழட்டின உடனே படம் எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க!"

"யாரு மாமா கழட்டினாங்க?" என்றாள் பட்டாசு.

"நீங்கதான்."

"மேல வந்து பாருங்களேன்."

எல்லோரும் மூச்சு வாங்க மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கம்பி கட்டிய இடத்திலேயே இருந்தது. அதன்மேல் ஒரு காகம் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப சும்மா இருக்கு. பேச ஆரம்பிச்சா கெடும்!"

"அப்ப பேசியே பாத்துடலாம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அத்தை! முகமெல்லாம் கிரீஸ், கையில் கருவிப் பை.

கூட்டம் அத்தையின் அறைக்கு வந்தது. ஒருவரை டிவி பார்க்க மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியில் இப்போது இரைச்சல் இல்லை. மெல்லிய குரல்கள் எங்கெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தன. பட்டாசு மைக்கைப் பிடித்தாள்.

"சிக்யூ, சிக்யூ." வானொலிக்காரர்களின் மொழியில் 'யாராவது இருக்கீங்களா' என்று அர்த்தம். அத்தையின் உரிமத்தில் இருந்த அழைப்புக் குறியைச் சொல்லி, பொத்தானை விட்டாள். பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. செயலாளர் தொண்டையைச் செருமினார். பட்டாசு அவரைத் திரும்பியே பார்க்காமல் மூன்றாம் முறை கூப்பிட்டாள்.

"கேக்குது! நல்லாக் கேக்குது!" அவள் வயதுக் குரல், தொலைவில், பெட்டிக்குள்ளிருந்து. "நானும் இன்னிக்குதான் முதல் தடவை பேசறேன். இங்க ஒரே மழை. அங்க எப்படி? ஓவர்!"

அதே நொடியில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு அலறல். "கோல்! படம் சூப்பரா இருக்கு! ஒரு கட்டம்கூட உடையல!"

எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் மீசையைத் தடவினார். "சரி சரி. அப்ப கெடுத்தது எந்த வீடு? அதச் சொல்லு முதல்ல. இன்னிக்கே கூட்டம் போட்டுடறேன்."

வாசலில் குழந்தையோடு வந்து நின்ற தையல்கார அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"எந்த வீடா?" பட்டாசு எழுந்து நின்றாள். "எங்க வீடுன்னு நேத்தே எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே மாமா! பிளாஸ்டிக் பையப் பாத்துட்டே சொன்னீங்க. கெட்டத நான் சரி பண்ணிட்டேன். எந்த வீடுன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கூட்டம் போட்டே ஆகணும்னா, எங்க வீட்டத் தப்பாச் சொன்னதுக்குப் போடுங்க."

எல்லோரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தைகூட.

செயலாளர் காதுமடல் வரை சிவந்துவிட்டார். "தப்புதான்மா. பாக்காமப் பேசிட்டேன். மன்னிச்சுடு," என்றார், கொஞ்சம் மெதுவாக.

"சரி, மன்னிச்சாச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா, கேபிள மிதிக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு பட்டாசு மைக்கை எடுத்தாள். "இங்க மழை இல்ல. வெயில்தான், சூப்பரா அடிக்குது. உன் பேர் என்ன? ஓவர்!"