கைகாட்டி நின்ற இடம்

கஹ்லான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். இன்ஜின் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

மூடுபனிக்குள் எங்கோ, நேரே போகும் பழைய சாலையின் பக்கமிருந்து, அதே டக்டக் ஒலி இன்னும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, தான் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பது தெரிந்ததுபோல் சட்டென்று அடங்கியது. அவனுடைய பைக் ஒற்றை சிலிண்டர் கிழடு. அது தட்டுகிற தட்டுக்குக் குழுவில் எல்லோரும் அதைத் தையல் மெஷின் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் இன்னொரு வண்டிக்கு இருக்க வழியில்லை. மலை எதிரொலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எதிரொலி இவ்வளவு தாமதமாக வருமா என்று கேட்ட மனதை அதட்டி உட்காரவைத்தான்.

பிற்பகல்தான். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கரீஃப் என்கிற மழைக்கால மாதங்களில் ஸலாலா மலைமேல் பகல் என்பது பேருக்குத்தான். சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு வெள்ளை, சாலையையும் மரங்களையும் ஒட்டகங்களையும் ஒரே துணியால் மூடிவைத்திருந்தது. சாரல் விழுவது கண்ணுக்குத் தெரியவில்லை, நனைவது மட்டும் தெரிந்தது. ஈரப் புல்லும் ஒட்டகச் சாணமும் சைலன்சரில் ஒட்டிப் பொசுங்கிய சேறுமாகக் கலந்த வாடை ஹெல்மெட்டுக்குள் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. மண் இளகியிருந்ததால், வண்டி சாயாமலிருக்க, நசுக்கிய பால் டப்பா ஒன்றை எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தான். தூரப் பயணம் போகிற எவன் பையிலும் அப்படி ஒரு தகரம் கிடக்கும்.

நிற்பது அவன் முறை. குழுத் தலைவர் அபூ ஹைதம் கிளைச்சாலையில் விரலால் தரையைக் காட்டிவிட்டு வலதுபுறம் திரும்பிப் போயிருந்தார். தலைவருக்கு அடுத்து வருகிறவன் அந்த இடத்திலேயே இறங்கி நின்று, பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் வழி காட்ட வேண்டும். அவனுக்குக் கைகாட்டி என்று பெயர். குழுவின் கடைசி ஆளான வால், பச்சை மேலங்கியோடும் இரண்டு மஞ்சள் விளக்குகளோடும் வந்துசேரும்வரை கைகாட்டி நகரக்கூடாது. வாலுக்குப் பின்னால் குழுவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் தலைகளை எண்ண வேண்டியதில்லை. மஞ்சள் விளக்கு வந்துவிட்டால் கைகாட்டி கிளம்பி அதற்கு முன்னால் ஓடலாம். இன்னொரு விதியும் உண்டு. கிளைச்சாலையில் கைகாட்டி இல்லையென்றால், நேரே போ என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நேரே போனால் செத்தான். போன வருடப் புயலில் பழைய சாலை மலை விளிம்போடு பிய்ந்து விழுந்திருந்தது. தலைவரையும் கஹ்லானையும் தவிரக் குழுவில் யாருக்கும் அது தெரியாது. குறுக்கே போட்ட சிமெண்ட் கட்டைகளை, தண்ணீர் லாரி போவதற்காக ஒட்டகக்காரர்கள் ஓரமாகத் தள்ளிவைத்திருந்தார்கள்.

காலையில் தும்ரைத் ஊர் டீக்கடையில்தான் அவனுடைய ஹெல்மெட் மைக் கெட்டுப்போயிருந்தது. ஹெல்மெட்டில் தண்ணீர் புகுந்து, மற்றவர்கள் பேசுவது அவனுக்குக் கேட்டது, அவன் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. இன்று வாலாக வருகிற முஹன்னாவுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

“அல்ஹம்துலில்லாஹ். இன்னைக்கு ஒரு நாளாவது இவன் பொலம்பல் இல்லாம வண்டி ஓட்டலாம்.”

“அண்ணே, அப்ப நீ திட்டுனாக்கூட எனக்குக் கேக்காது, இல்ல?” என்றான் பில்அரப். கஹ்லானின் தம்பி. இதுதான் அவனுடைய முதல் நெடும்பயணம். புது வெள்ளை ஹெல்மெட், மடிப்புக் கலையாத புது ஜாக்கெட்.

“கையால திட்டுவேன், பாத்துக்க.”

“அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு நீ கையத் தூக்குனா கேஸ் சிலிண்டர் ஆடுற மாதிரி இருக்கும்ணே.”

முஹன்னா டீயைத் துப்புகிற அளவுக்குச் சிரித்தான். அந்த ஜாக்கெட்டின் இடது முழங்கையில் பழைய விழுப்புண் ஒன்று இருந்தது. கஹ்லான் அதைப் பளபளக்கும் வெள்ளி டேப்பால் ஒட்டியிருந்தான். அபூ ஹைதம் மட்டும் சிரிக்கவில்லை. “மலையில பனி கெட்டியா இருக்காம். கைகாட்டியா நிக்கிறவன் பொண்டாட்டி கூப்பிட்டாலும் நகரக்கூடாது. வால் வந்தாத்தான் நகரணும்.” பில்அரப் மெதுவாக ஓட்டுவதால் அவனை முஹன்னாவுக்கு முன்னால் வரச் சொன்னார்.

தம்பியை அனுப்ப அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. நிஸ்வாவில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் கஹ்லானின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “அவன் கண்ண மூடிக்கிட்டு உன் பின்னாடி வருவான். நீ பாத்துப் போ.”

முதல் வண்டி வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. கஹ்லான் வலது கையை நீட்டினான். ஓட்டுபவன் இடது கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு மறைந்தான். அடுத்து ஒன்று. பிறகு இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு வந்தன, ஒன்றின் பின்னால் ஒன்று, சேறு அப்பி எல்லா ஹெல்மெட்டும் ஒரே சாம்பல் நிறம். அதில் பின்னால் போனது பில்அரப்தானா? உயரம் சரியாக இருந்தது. உட்கார்ந்த விதம் சரியாக இல்லை. கூப்பிட்டுக் கேட்க மைக் இல்லை, மலைமேல் போனுக்கு சிக்னலும் இல்லை.

பிறகு யாரும் வரவில்லை.

சாரல் ஹெல்மெட்டின் மேல் அரிசி கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. காதுக்குள் இருந்த ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல், அதற்குள் அவ்வப்போது யாரோ மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். பழைய சாலையின் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்தான், நினைத்த உடனே பார்த்தான். வெள்ளையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும், தான் நிற்பதைப் போலவே அங்கேயும் ஒருவன் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்கிற எண்ணத்தை அவனால் விரட்ட முடியவில்லை. பயமாக இருந்தது. நாற்பது வயதில், பட்டப்பகலில், நடு ரோட்டில் பயப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது.

மஞ்சள் விளக்குகள் வந்தன.

இரண்டும் சம உயரத்தில், அசையாமல், மெதுவாகப் பெரிதாகின. பின்னால் பச்சை மேலங்கி மங்கலாகத் தெரிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தகரத்தை எடுத்துப் பையில் போட்டு, உதைத்து வண்டியைக் கிளப்பி, விளக்குகளுக்கு முன்னால் வலதுபுறம் திரும்பினான். முஹன்னா எப்போதும் ஹார்னைத் தட்டிக் கேலி செய்வான். இன்று தட்டவில்லை. வெள்ளை ஹெல்மெட்டைக் கண்ணால் பார்த்தாயா என்று மனம் ஒருமுறை கேட்டது. வால் வந்துவிட்டது, வால் வந்தால் எல்லோரும் போய்விட்டதாக அர்த்தம். எத்தனையோ பயணங்களில் அந்த விதியை நம்பித்தான் அவன் கிளம்பியிருக்கிறான்.

சாலை வழுக்கியது. கண்ணாடியில் இரண்டு மஞ்சள் விளக்குகள் அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தன. அவன் மெதுவாகப் போனால் அவையும் மெதுவாக, வேகம் கூட்டினால் அவையும் வேகமாக. வளைவுகளில்கூட அவை கண்ணாடியின் நடுவை விட்டு நகரவில்லை. பின்னால் வருகிற வண்டியின் சத்தம் கேட்கிறதா என்று தன் இன்ஜினை ஒரு கணம் அடக்கிப் பார்த்தான். டயர் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம்கூட இல்லை.

காதுக்குள் இரைச்சல் தெளிந்தது.

“கஹ்லான், கேக்குதா? உனக்குத்தான் மைக் இல்லையே, சும்மா கேட்டுக்கோ.” முஹன்னாவின் குரல், மூச்சு வாங்கியபடி. “உன் தம்பி சேத்துல வண்டியோட படுத்துட்டான். ஒண்ணும் ஆகல. தூக்கி நிறுத்தியாச்சு. இப்பத்தான் கிளம்புறோம். இன்னும் கொஞ்ச நேரத்துல கிளைச்சாலைக்கு வந்துடுவோம், நகராம நில்லு.”

கஹ்லான் கண்ணாடியைப் பார்த்தான். மஞ்சள் விளக்குகள் இல்லை.

திரும்பினான். வழுக்கல் சாலையில் கால்களை ஊன்றி, வண்டியைக் கிட்டத்தட்டக் கீழே போட்டு எடுத்துத் திருப்பினான். “நில்லுங்க. முஹன்னா, நில்லு. நேரா போகாதே.” ஹெல்மெட்டுக்குள் அவன் குரல் அவன் காதிலேயே முட்டித் திரும்பியது. மைக்கை விரலால் தட்டினான், பிதுக்கினான், உறிஞ்சித் துப்பினான். உப்புத் தண்ணீர்.

முதல் வளைவில் ஒட்டகங்கள். சாலை முழுக்க, கால்களும் வயிறுகளுமாக, ஈரத்தில் கறுத்து நின்றன. ஹார்ன் அடித்தான். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் கிளைச்சாலை இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தன. இடுக்கில் வண்டியை நுழைத்தான், ஒரு பெரிய வயிறு அவனைத் தள்ளியது, பின்னுக்கு வந்தான், மறுபடி நுழைத்தான். அழுகை வந்தது. ஒட்டகத்தின் தொடையைக் கையால் அடித்துக்கொண்டே அழுதான்.

“முஹன்னா மாமா, கிளைச்சாலை வந்துருச்சு.” பில்அரப்பின் குரல்.

“கைகாட்டி இருக்கானா பாரு.”

இல்லை என்று சொல்வான். இல்லையென்றால் நேரே போவார்கள். கஹ்லான் மூச்சை அடக்கிக்கொண்டான். முஹன்னாவுக்குச் சந்தேகம் வர வேண்டும். நண்பன் இடத்தை விட்டுப் போகமாட்டான் என்று அவனுக்குத் தெரியும், நிச்சயம் நிறுத்துவான், நிறுத்தித் தேடுவான்.

“இருக்காரு. அண்ணன்தான், கேஸ் சிலிண்டர். கையக் காட்டுறாரு.”

“எந்தப் பக்கம்?”

“நேரா.”

ஒட்டகங்கள் வழிவிட்டன. காரணமே இல்லாமல், எல்லாம் ஒரே நேரத்தில்.

“வலது பக்கம் இல்லையா?” முஹன்னா கேட்டான். “நல்லாப் பாருடா.”

“வெள்ளி டேப் ஒட்டுன கை. நேராத்தான் நீட்டுறாரு. இந்தா, வண்டில ஏறிட்டாரு. முன்னாடி போறாரு.”

இரைச்சல். பிறகு ஸ்பீக்கரில் மூன்றாவதாக ஒரு குரல்.

“வாடா. என் பின்னாடியே வா.”

அது கஹ்லானின் குரல்.

“அட, அண்ணன் மைக் வேலை செய்யுது,” என்று தம்பி சிரித்தான்.

கிளைச்சாலையில் யாரும் இல்லை. அவன் நின்றிருந்த இடத்தில், சேற்றில் புதைந்து, நசுக்கிய பால் டப்பா ஒன்று கிடந்தது. கையைப் பையில் விட்டான். அவனுடைய தகரம் பையில்தான் இருந்தது. பழைய சாலைக்குள் மூன்று டயர் தடங்கள் ஈரம் மாறாமல் போயின. சிமெண்ட் கட்டைகளுக்கு அப்பால் வண்டி வழுக்கி விழுந்தது. விட்டுவிட்டு ஓடினான். பூட்ஸில் சேறு ஏறிக் கால் கனத்தது. ஓடினான்.

சாலை, கடித்த ரொட்டிபோல் முடிந்திருந்தது.

தடங்கள் விளிம்புவரை வந்திருந்தன. எங்கும் பிரேக் போட்ட வழுக்கல் இல்லை. ஒரு கல்கூட உருண்டிருக்கவில்லை. விளிம்பில் முழங்காலிட்டுக் கீழே பார்த்தான். வெள்ளை. கீழே விழுந்த சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தான். சத்தம் வரவில்லை.

வந்தது டக்டக் ஒலி. கீழேயிருந்து அல்ல. நேர் எதிரிலிருந்து.

தரையே இல்லாத இடத்தில், அவன் கண்களுக்குச் சமமான உயரத்தில், ஒரு சிவப்பு விளக்கு போய்க்கொண்டிருந்தது. ஆரஞ்சு ஜாக்கெட். இடது முழங்கையில் வெள்ளி டேப். அதற்குப் பின்னால் வெள்ளை ஹெல்மெட். அதற்கும் பின்னால் பச்சை மேலங்கி. கஹ்லான் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். பனி அதை விழுங்கிக்கொண்டது.

“அண்ணே,” தம்பியின் குரல் காதுக்குள் நிதானமாக, சந்தோஷமாகக் கேட்டது, “இந்த ரோடு எவ்வளவு நல்லாருக்கு. ஒரு குலுக்கல் இல்ல.”

“வா,” என்றது கஹ்லானின் குரல்.

வெள்ளை ஹெல்மெட் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டவனைப்போல அது முன்னால் போகிற சிவப்பு விளக்கை ஒட்டியே போனது. போகிற போக்கில், வழி காட்டியவனுக்கு நன்றியாக, பில்அரப் இடது கையைத் தூக்கினான். தூக்கிய கை இறங்கவே இல்லை. மூன்று வண்டிகளும் ஒன்றின் பின்னால் ஒன்றாக, கொஞ்சமும் தாழாமல், வெற்று வெளியில் போய்க்கொண்டே இருந்தன.