பர்தோன் துரை

மனிதகுல வரலாற்றில் எந்தச் சிலைக்கும் பணியாத முதல் ஆள் தானே என்று முத்தியால்பேட்டை வெற்றிவேல் அறிவித்தபோது, டீக்கடையில் கைதட்டல் எதுவும் எழவில்லை. மாஸ்டர் மட்டும், "சக்கர போதுமா தம்பி?" என்று கேட்டார்.

எதிரே, வாய்க்கால் ஓரத்துச் சின்னப் பூங்காவில், வெண்கலத் துரை நின்றிருந்தார். எப்போதோ ஊரை ஆண்ட பிரெஞ்சுக்கார கவர்னர். முழங்கால் வரை பூட்ஸ், இடது கால் சற்று முன்னால். காலையிலிருந்து மழை. தொப்பி நனைந்திருந்தது, கோட்டு நனைந்திருந்தது. பூட்ஸ் மட்டும் காய்ந்திருந்தது. வெற்றிவேல் அதைக் கவனித்தான். வெள்ளைக்காரனுக்கு மழைகூடச் சலாம் போடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

பெயர்ப்பலகையை உப்புக்காற்று தின்றுவிட்டதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் பர்தோன் துரை. அவரைக் கடப்பவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "பர்தோன் தொரை" என்று முணுமுணுத்தபடி போவார்கள். சிவப்பு விளக்குக்குக்கூட நிற்காத ஊர், இதை மட்டும் தவறாமல் செய்தது.

பர்தோன் என்பது பெயரல்ல. மன்னிப்பு. கல்லூரியில் பிரெஞ்சு வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்ததில் வெற்றிவேலுக்குத் தேறிய ஒரே சொல் அதுதான். தேறிய நாளிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவன் அம்மா செல்வாம்பாள் அந்தப் பக்கத்து விடுதி ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், முழங்கால் வலியோடு குனிந்து செருப்பைக் கழற்றிச் சேற்றில் கால் வைப்பதைப் பார்த்ததும் அவன் சாலையைக் கடந்து ஓடினான்.

"செருப்ப போடும்மா."

"தோ, தாண்டிட்டுப் போட்டுக்கிறேன்டா."

"என்ன தப்பு பண்ண நீ? அவன் நம்மள ஆண்டான். நாம அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறோம். கேக்கறது மன்னிப்புன்னுகூடத் தெரியாமக் கேக்கறோம்."

"செருப்போட போனா காலை எடுத்துக்குவாருன்னு சொல்வாங்க வெற்றி."

"எடுக்கட்டும். அவனுக்கு இருக்கறது பத்தலியா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் சொல்லுக்காகப் போட்டுக்கொண்டாள். இருவரும் நடுச்சாலையில் நிமிர்ந்து நடந்தார்கள். முதுகுக்குப் பின்னால், வெண்கலப் பானையைக் கருங்கல்லில் இறக்கி வைத்ததுபோல ஒரு சத்தம். டங்.

"லாரிம்மா," என்றான் வெற்றிவேல். சாலையில் லாரி இல்லை.

அன்றிரவு அம்மா கால் சில்லிட்டிருக்கிறது என்றாள். மறுநாள் கனக்கிறது என்றாள். டாக்டர் சர்க்கரை என்றார், மாத்திரை கொடுத்தார். ஆனால் வீட்டில் ஒரு வாடை குடியேறியது. புளி போட்டுத் தேய்க்காத செப்புக்குடத்தின் வாடை; சோற்றில், தலையணையில், அவன் புத்தகங்களில். அம்மா சமையலறைக்குப் போனால் சிமெண்டுத் தரை அதிர்ந்தது, அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கால்வரை புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்க விடவில்லை.

"என் கால் மாதிரியே இல்லடா. ஒரு தடவ போயி பர்தோன் சொல்லிட்டு வந்துடறேன்."

"போனா இந்த வீட்டுல சாப்பிட மாட்டேன்."

அம்மா புடவையை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். "நீ பேசிட்டுப் போயிட்ட. நடக்கறது நானு."

அது அவனைச் சுட்டது. அம்மா மேல் கோபம், ஊர் மேல் கோபம், முட்டாள்தனத்தை வார்த்து வைத்த அந்த உலோகத்தின் மேல் கோபம். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், தூறலில், பூங்காவுக்குப் போனான். சிலையைப் படம் எடுத்து, இந்தா பார் வெறும் வெண்கலம் என்று அம்மாவிடம் காட்டுவதாகத் திட்டம். பெஞ்சுகள் காலி. டீக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தமும், மரத்தில் அடைந்த காக்கைகள் ஒன்றுகூட இடம் மாறாத அமைதியும். வீட்டிலிருக்கும் அதே செப்பு வாடை இங்கே தொண்டை வரை இறங்கியது.

போனைத் தூக்கிப் பிடித்தான். திரையில் தொப்பி தெரிந்தது. கோட்டு தெரிந்தது. கேமராவைக் கீழே இறக்கினான்.

பூட்ஸ் இல்லை.

கால்கள். வெறுங்கால்கள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த, ஒடுங்கிய, பொம்பளைக் கால்கள். பித்தவெடிப்பு. பெருவிரல் மேல் ஏறிய இரண்டாம் விரல். அதில் வெள்ளி மெட்டி. கழன்று விழாமலிருக்க அடியில் நூல் சுற்றிய மெட்டி.

அந்த நூலை அவன்தான் சுற்றிக்கொடுத்தான். தீபாவளிக்கு.

கை தானாக நீண்டது. தொட்டான். சூடு. தோல். கணுக்காலில் ஒரு துடிப்பு.

போன் அடித்தது. பக்கத்து வீட்டு சுலோசனா அக்கா.

"வெற்றி, உங்கம்மா எழுந்து தெருவுல நடக்குதுடா. எங்க போறீங்கன்னா திரும்பவே மாட்டேங்குது. கால்ல என்னடா போட்டிருக்கு அது? முழங்கால் வரைக்கும்?"

அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது.

டங்.

டங்.

நிதானமான நடை. ஆண்டு பழகிய நடை.

"அக்கா, அம்மாவப் புடிங்க."

"புடிக்க முடியலடா. இழுத்துக்கிட்டுப் போவுது."

வெற்றிவேல் குனிந்தான். ஷூ லேஸ் ஈரத்தில் இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. ஒன்றைக் கழற்றினான். இன்னொன்றையும். இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சேற்றில் நின்றான். யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கவில்லை.

"பர்தோன்," என்றான். "பர்தோன் தொரை."

போனில் சத்தம் நிற்கவில்லை. டங். அக்கா அழ ஆரம்பித்திருந்தாள்.

மேலே, பீடத்தின் விளிம்பில், அம்மாவின் விரல்கள் அசைந்தன. முன்னும் பின்னுமாக, கல்லை மெல்லத் தடவின. இருட்டில் செருப்பைத் தேடுகிற கால்கள் தடவுவதுபோல.