வேய்னின் முதுகுப்பை

நேற்று ஆட்ரி தன் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்த பையின் தோள்வார் இன்று மறுபடி நீண்டு கிடந்தது.

"அம்மா, அண்ணன் பையத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடப் போறேன்?" பிலோமினம்மாள் சமையலறையிலிருந்து தலையைக்கூட நீட்டவில்லை.

ஆட்ரி வாரை இழுத்து இறுக்கினாள். வேய்ன் அவளைவிட ஒரு சாண் உயரம். போன வருடம் அவன் மலையில் காணாமல் போனபோது, தேடிப் போனவர்களுக்கு இந்தப் பைதான் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இறந்தோர் பூசை வைப்பது பற்றிப் பேசப் பங்குச் சாமியார் வந்தார். அம்மா கதவையே திறக்கவில்லை. அடுத்த வாரம் ஆட்ரி அதே மலைக்குப் போகிறாள். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். நாலு நாள் பாதை, கூடாரம் போடும் இடங்கள், தண்ணீர் கிடைக்கும் ஓடைகள் எல்லாம் குறித்தாகிவிட்டது. அதைப் பார்த்து அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "அவன் இல்லாம திரும்பி வராத." அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வருடமாகவே ஆட்ரிக்கு எதுவும் வருவதில்லை.

கூட வரப்போகும் கதிரேசன் போனில் சொல்லியிருந்தான்: "அரிசி மூட்டையப் பைக்குள்ள போட்டு, உங்க புளோக் படியில ஏறிப் பழகு லா. சிங்கப்பூர்ல நமக்கு வேற மலை ஏது?"

அரிசி மூட்டையோடு பையை மாட்டிக்கொண்டு தோ பாயோ அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறினாள். ஒரு மாடியில் பெலாச்சான் இறால் விழுது வதங்கும் நெடி, அடுத்ததில் ஊதுபத்தி, யார் வீட்டுத் தொலைக்காட்சியிலோ கும்பலாகச் சிரிப்பு, மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. மேலே போகப் போக ஒவ்வொன்றாக விட்டுப்போனது. பாசியும் ஈரமண்ணும் மட்டும் மணத்தன. வியர்வை சில்லிட்டது. கைகள் மரத்துப்போயின. வாரை அதிகம் இறுக்கிவிட்டோம் என்று நினைத்து நின்றாள்.

கொக்கி தானாகத் தளர்ந்தது. வார் மெல்ல நீண்டது.

பை சரிய வேண்டும். சரியவில்லை. அவள் முதுகுக்கும் பைக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அது நிரம்பியது.

குளிராக. ஈரமாக.

பிடரியில் மூச்சு.

வார் நீண்டது வேய்னின் அளவுக்கு அல்ல. இரண்டு பேர் அளவுக்கு.

கையை உருவப் பார்த்தாள். அதே வாருக்குள் இன்னொரு கை இருந்தது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. கால்கள் நிதானமாக இறங்கி வீட்டுக்கு வந்தன.

அம்மா இரும்புக் கதவைத் திறந்தாள். பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முகம் மலர்ந்தது.

"அடி என் தங்கமே, கூட்டிட்டு வந்துட்டியா!"

"அம்மா, இத இறக்கி விடுங்க."

"ஐயோ, இறக்காத. இனிமே இறக்கவே கூடாது."

சோறு பிசைந்து எடுத்து வந்தாள். ஆட்ரி பசியில்லாமலே வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் கன்னத்தை உரசிக்கொண்டு பின்னால் போனது.

காதருகே மெல்லும் சத்தம்.

விரல்கள் வெறுமையாகத் திரும்பி வந்தன.