தொப்பி தொங்கிய கொக்கி

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வெட்டு மெஷின் ஓடத் தொடங்கிய மறுகணமே அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்தான். மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப் பார்த்தபோது, மேஸ்திரி இடுப்புவரை உள்ளே கிடந்தார். பிளேடு துடைத்த துணி கையிலேயே இருந்தது. அதற்கு மேல் விவரிக்க எனக்கு மனசில்லை.

பட்டனை அழுத்தியவன் மேஸ்திரியின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. மேஸ்திரிக்கு மச்சான் என்பதால் தொழிற்சாலை முழுவதற்கும் அவன் மச்சான். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். இப்போது அவன் தரையில் உட்கார்ந்து, கையைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி இரண்டேகால். இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து சேர்ந்தார். ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"பின்னாடி ஆள் இருக்காரான்னு பாத்தியா?"

"தொப்பி இல்ல மேடம்."

"என்ன தொப்பி?"

அங்கே ஒரு வழக்கம். மெஷினுக்குள் கை விடுகிறவர் தன் தொப்பியைக் கழற்றிச் சுவிட்சின் மேல் மாட்டிவிட்டுத்தான் போவார். மாட்டியவரே வந்து எடுக்கும்வரை அந்த ஆண்டவனே வந்தாலும் பட்டனைத் தொடக் கூடாது. சுவிட்ச் முன்பக்கம், பிளேடு பின்பக்கம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அந்தத் தொப்பியை நம்பித்தான் அத்தனை பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள்.

மேஸ்திரியின் தொப்பி சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையில் இருந்தது. அங்கே சுவர் நெடுகக் கொக்கிகள். ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய மஞ்சள் ஸ்டிக்கர். மேஸ்திரியின் பெயருக்குக் கீழே, ஓரம் கிழிந்து சிவப்பு நூலால் தைத்த நீலத் தொப்பி தொங்கியது. தைத்தவள் அவர் மனைவி.

இன்ஸ்பெக்டரை அங்கே அழைத்துப் போனவர் முதலாளியின் மருமகன். இரண்டு வருடமாக நிர்வாகம் அவர் கையில். நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை'.

"பாருங்க மேடம். அவர் இடத்துலயே மாட்டிட்டு மறந்து போயிட்டார். வயசாச்சு. புது மெஷின் வாங்கலாம், ஆள் உள்ள இருந்தா அதுவே ஓடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அவர்தான் எல்லாரையும் சேத்துக்கிட்டு வேண்டாம்னு நின்னார்."

மாப்பிள்ளை வார இறுதிகளில் தலைமைப் பண்பு வகுப்புக்குப் போகிறவர். ஒரு நிறுவனத்தை எப்படி மாற்றுவது என்பதுதான் பாடம். படித்ததைத் தொழிற்சாலையில் செய்து காட்டி மதிப்பெண் வாங்க வேண்டும். மஞ்சள் ஸ்டிக்கர்கள் அப்படி வந்தவைதான். பிரிவு பார்க்காமல் தொப்பிகள் கலந்து தொங்கினால் ஆட்களின் மனசும் ஒன்றாகக் கலந்துவிடுமாம். பழைய கொக்கி வரிசையைப் புரட்டிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது என்று, செத்த வீட்டில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பெருமையாகச் சொன்னார்.

மணி அடிப்பதற்கு முன் கொட்டகைக்குள் இருந்தவர்கள் மூன்றே பேர். உள்ளே குனிந்திருந்த மேஸ்திரி. கண்ணாடி அறையில் மாப்பிள்ளை. ஸ்டோரில் தூங்கிய ஸ்டோர்காரர். இவர் தூங்குவதை மேஸ்திரி முதலாளியிடம் போட்டுக்கொடுத்ததால் இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. மணி அடித்ததும் முதலில் வந்தவன் மச்சான்.

விசாரணையில் உருப்படியாக எதுவும் தேறவில்லை. ஸ்டோர்காரர் கண் விழிக்கவே இல்லை என்று சாதித்தார். பேக்கிங் செய்யும் அம்மா அழுத அழுகையில் பாதிப் பேச்சு புரியவில்லை. அந்த மனுஷன் தன்னைச் சொந்தத் தங்கச்சி மாதிரி பார்த்தார் என்றாள்; சாப்பிட்டு வருவதற்குள் எந்தப் பாவியோ தன் பையைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் கடாசிவிட்டான், நாளே சரியில்லை என்றாள். எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

மேஸ்திரியின் மனைவி வந்தாள். தம்பி "அக்கா" என்று எழுந்தான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு எழுதி, அன்று மாலையே அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை இரங்கல் கூட்டம். மாப்பிள்ளை பேசினார். இந்தச் சாவு நமக்கு ஒரு பாடம், இனிமேலாவது மாறுவோம் என்றார். புது மெஷினுக்குச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார். இரண்டு வருடமாக உயராத கைகள் அத்தனையும் உயர்ந்தன. மேஸ்திரியின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் நடைக்கு வரச் சொன்னார். மச்சானையும் கூட்டி வந்திருந்தார்கள்.

"சார், பேக்கிங் அம்மாவோட கொக்கி எது?"

மாப்பிள்ளை தயங்காமல் கோடியில் இருந்ததைக் காட்டினார். ஸ்டோர்காரருடையது? மச்சானுடையது? மனப்பாடமாகக் காட்டினார். பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

"இப்ப எல்லாரும் அவங்கவங்க தொப்பியை, தினம் மாட்டுற இடத்துல மாட்டுங்க."

ஒருவரும் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் முறைத்தார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஸ்டிக்கரை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரவர் பழைய கொக்கிக்கே கால் தானாகப் போயிற்று. மேஸ்திரியின் பெயருக்குக் கீழே பேக்கிங் அம்மா தன் பையை மாட்டினாள். கதவோரம் ஒரு கொக்கி மட்டும் காலியாக நின்றது.

"அது யாரோடது?"

"மாமாவோடது," என்றான் மச்சான். "எப்பவும் அதான்."

மாப்பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அது பயம் இல்லை என்பதுதான் கொடுமை.

"யாருமே மாறலையா?" என்றார். "மூணு மாசமா? நான் தினம் பாத்தேனே... எல்லாம் ஒழுங்கா தொங்குச்சே."

"தொங்குச்சு சார். எல்லாத் தொப்பியும் ஒரே நீலம். எது யாரோடதுன்னு நீங்க நின்னு பாக்கல." இன்ஸ்பெக்டரின் குரல் உயரவில்லை. "சுவிட்சு மேல இருந்த தொப்பியை ஸ்டோர்காரர் எடுத்திருந்தா கதவோரம் மாட்டியிருப்பார். மச்சான் எடுத்திருந்தாலும் அங்கதான். மேஸ்திரியே மறந்து மாட்டியிருந்தாலும் அங்கதான். இந்தம்மா பையை எடுத்துக் கீழ வெச்சுட்டு, ஸ்டிக்கரைப் படிச்சு மாட்டினது, அந்த ஸ்டிக்கரை நம்புன ஒரே ஆள். இந்தத் தொழிற்சாலையில அப்படி ஒரே ஆள்தான் இருக்கார்."

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டார். தொப்பியை எடுத்தது தான்தான் என்று சொல்லிவிட்டார், அதுவும் பாடம் ஒப்பிக்கிற குரலில். பயம் வந்தால்தான் மனிதர்கள் மாறுவார்கள் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்களாம். நெருக்கடி இல்லாவிட்டால் தலைவர்தான் அதை உணரவைக்க வேண்டுமாம். இப்படிச் செய் என்றா சொல்லித் தந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கை மட்டும் போகும்னுதான் நெனச்சேன்," என்றார் மாப்பிள்ளை கடைசியாக. "ஒரு கை. அதுக்கு நல்லா நஷ்ட ஈடு குடுத்திருப்பேன்."

பேக்கிங் அம்மா அவர் முகத்தில் காறித் துப்பினாள். யாரும் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே மச்சானை விட்டுவிட்டார்கள். தப்பு உன்மேல் இல்லை, போய் அக்காவைப் பார் என்று இன்ஸ்பெக்டரே மேஸ்திரியின் தொப்பியைக் கையில் கொடுத்தனுப்பினார். வழி நெடுக அந்த ஒரு வரியைத்தான் அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். தப்பு என்மேல இல்லக்கா.

கதவைத் தட்டினான். அக்கா திறந்தாள். தொப்பியை வாங்கிக்கொண்டாள். சிவப்புத் தையலை விரலால் தடவினாள். அவன் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். நடையில் நின்றவர்களில் அவளும் இருந்தாளே, எல்லாம் தெரியும்.

"அவன் தொப்பியை எடுத்தான். சரிடா. பட்டனை அழுத்துனது எந்தக் கை?"

அவன் வலது கையைக் காட்டினான்.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். "அந்தக் கையால இனிமே என் வீட்டுக் கதவைத் தட்டாத."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவன் இடது கையால் தட்டிப் பார்த்தான்.