வாஷ்பர்னுக்கு மெதுவாக

"பிடிங்க!"

மாரிட் வீசிய கயிறு மழையைக் கிழித்துக்கொண்டு போய், துறையில் நின்றவனின் மார்பில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. அவன் குனியக்கூட இல்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றான்.

அடுத்த நொடி காற்று அவள் படகைத் தூக்கி மரத்துறையில் மோதியது. எப்படியோ தாவி இறங்கி, தானே கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் சார்... கண்ணு தெரியலையா, இல்ல கைதான் இல்லையா?"

அவன் முகம் வெளுத்தது. சாம்பலும் நீலமுமான கண்கள்... அவற்றில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கங்க."

அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டான். திமிர் பிடிச்சவன்!

மாரிட் துலூத்தில் பள்ளி ஆசிரியை. விவாகரத்துக்குப் பிறகு இரண்டு கோடையாகத் தனியாகவே பாய்மரப் படகோட்டுகிறவள். ஏரிக்கரை ஊரான பேஃபீல்டில் ஒரு நாள் தங்கிவிட்டுக் கிளம்புவதாகத்தான் திட்டம். ஆனால் செப்டம்பர் மாதத்து வடகிழக்குக் காற்று சுப்பீரியர் ஏரியைப் புரட்டிப் போட்டது. மூன்று நாள் ஒரு படகும் நகரவில்லை. பக்கத்துப் படகோ அவனுடையது. பெயர் ரெய்னோ சல்மேலா. அவன் பாய்மரத்தில் 'விற்பனைக்கு' என்ற அட்டை நனைந்து தொங்கியது.

மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்கோடு வந்து நின்றான்.

"காப்பி. சமாதானத்துக்கு... நீங்களே ஊத்திக்கங்க."

"கொண்டு வந்தவரு ஊத்த மாட்டாரோ?"

"ராஜ பரம்பரை. பழக்கமில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து...

படகு அறையின் கூரையில் மழை விழ விழப் பேசினார்கள். தீவுகளைப் பற்றி, மூடுபனியில் வழி தப்பியதைப் பற்றி... அவன் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும்போதெல்லாம் அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டாள். பார்த்தால் தெரிந்துவிடுமே!

இரண்டாம் நாள் வெள்ளைமீன் சூப் வைத்து அவனைத் தன் படகுக்குக் கூப்பிட்டாள். வந்தான். கிண்ணத்தையும் கரண்டியையும் வெகுநேரம் பார்த்தான்.

"பசிக்கல," என்று எழுந்துவிட்டான்.

"என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க!"

அவன் திரும்பாமல் படியேறினான். பிறகு மழைக்குள் போய்விட்டான். கிண்ணத்தில் சூப் ஆறிப்போனது. இன்னொரு ஆணிடம் இன்னொரு முறை ஏமாந்தோமே என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

மூன்றாம் நாள் விடிகாலையில் சின்ன ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். படகின் முனையில் உட்கார்ந்து கயிற்றில் ஒரு முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தான். படகோட்டக் கற்பவர்கள் முதல் நாளே போடும் முடிச்சு. வலது கை தனக்குச் சம்பந்தமில்லாதது போல உதறியது. மறுபடி... மறுபடி... பல்லால் கடித்து இழுத்தான். வரவில்லை. கயிற்றுச் சுருளின்மேல் முகத்தை வைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

மாரிட் காலணிகூடப் போடாமல் ஓடினாள்.

"ரெய்னோ..."

"பாத்துட்டியா?" இதுவரை 'நீங்க' என்றே பேசியவன். "கை இல்லையான்னு கேட்டியே... இல்ல. போதுமா?"

அவள் ஈர மரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையைத் தொடப் போனாள், அவன் இழுத்துக்கொண்டான்.

"இந்த நடுக்கம் வந்து ரெண்டு வருஷமாச்சு. எங்கப்பாவுக்கும் இதே நோய்தான். பதினோரு வருஷம், மாரிட். கடைசியில ஒரு வாய் தண்ணி முழுங்கணும்னாலும் அம்மா தொண்டையைத் தடவிவிடணும். அப்பாவுக்கு முன்னாடி அம்மா போயிட்டாங்க. களைச்சே போயிட்டாங்க..."

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"படகை வித்துட்டேன். நாளைக்குப் பக்கத்து ஊரு வாஷ்பர்ன்ல ஒப்படைக்கணும். தனியா ஓட்ட என்னால ஆகாது. யார்கிட்டயும் கேக்கவும்..."

"என்கிட்ட கேளு."

அவன் நிமிர்ந்து, "வர்றியா?" என்றான்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. மிதமான காற்று. அவன் படகில் அவள் சுக்கான் பிடித்தாள். அவன் எதிரே உட்கார்ந்து முதல் முறையாகக் கைகளை மறைக்காமல் மடியில் வைத்திருந்தான். அவை ஆடிக்கொண்டே இருந்தன. கரையில் மேப்பிள் இலைகள் பழுத்துச் சிவந்திருந்தன. இந்தப் படகில் ஆறு தடவை தீவுகளைச் சுற்றும் பந்தயம் ஜெயித்தவன், பாயை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

வாஷ்பர்ன் துறை தெரிந்தது. படகை வாங்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். அவனை அழைத்துப் போக வந்த அக்காவின் காரும் நின்றது.

மாரிட் பாய்க்கயிற்றைத் தளர்த்தினாள். பாய் காற்றை இழந்து படபடத்தது. படகு வேகம் இழந்தது.

"காத்து நல்லாத்தானே இருக்கு? ஏன் விட்டுட்ட?"

"தெரிஞ்சுதான் விட்டேன்."

அவள் சுக்கானை விடாமலே அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் உன்னை விரும்பறேன், ரெய்னோ. குணமாயிடும்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்ல எனக்கு வராது. இருக்கற வருஷத்தைக் கொடுன்னுதான் கேக்கறேன்."

"அம்மா முகம் கடைசியில எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. அந்த முகத்தை உன்கிட்ட பாக்க என்னால முடியாது."

"அப்போ போகச் சொல்லு. போயிடறேன்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். துறையில் யாரோ கையசைத்தார்கள். இருவரும் அசைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் தளர்த்து..." என்றான்.

தளர்த்தினாள். அப்படியும் கரை வந்துகொண்டேதான் இருந்தது. ஆடும் கை அவள் முழங்காலைத் தேடி வந்து நின்றது... நின்றும் ஆடியது.

"நானும்தான், மாரிட். உன்னைப் பாத்த அன்னிக்கே. போன்னு சொல்லத்தான் வாய் வரல... இருன்னு சொல்லவும் பயமா இருக்கு."