பாதைகள் சேருமிடம்

கிடங்கின் பக்கவாசலில் அவள் நுழைந்தபோது மதிய வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே ரப்பர் வாடை, அட்டைத் தூசி, பெட்டிகளை நகர்த்தும் கன்வேயர் உருளைகளின் ஓயாத இரைச்சல். பெட்டிகள் எப்படி நகரும், எங்கே முட்டும் என்று கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

இன்று ஓட்டிக் காட்ட வேண்டியது, தம்பி செத்த இடத்தை.

இரண்டு பாதைகள் ஒன்றாகச் சேரும் இடத்தில் சிக்கிய பெட்டியை எடுக்கப் போய், அவனும் சிக்கிக்கொண்டான். இழுத்தால் கன்வேயரை நிறுத்தும் அவசரக் கயிறு அங்கே இல்லை. ஆளாளுக்கு இழுத்து வேலையைக் கெடுக்கிறார்கள் என்று மேலாளர்தான் அவிழ்க்கச் சொல்லியிருந்தார்.

"கயிறு இருந்துச்சு, அவன்தான் இழுக்கலைன்னு வரணும்மா," என்றார் மேலாளர், தன் அறையில் அவளைக் கணினி முன்னால் உட்காரவைத்து. "விசாரணைக்கு அதுதான் போகுது. உங்க அம்மாவுக்கு நான் பார்த்துச் செய்யறேன்."

"அம்மா இன்னும் அவனுக்குத் தட்டு எடுத்து வைக்கிறாங்க சார். அவங்களுக்கு நீங்க என்னத்தைச் செய்வீங்க?"

"பொம்மைப் படத்துல ஒரு கயிறு போட இவ்வளவு ரோஷமா? தள்ளுங்க."

மௌஸைப் பிடுங்கி அவரே கயிற்றைச் சேர்த்தார். ஓட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக வந்தன. சேருமிடத்துக்குச் சற்று முன்னால் நின்றன.

"ஏன் நிக்குது?"

"தெரியலை."

உண்மையிலேயே தெரியவில்லை. கயிறு இழுபடவில்லை. உருளைகளின் வேகம் குறையவில்லை. முதல் பெட்டிக்கு எதிரே, ஓர் ஆள் நிற்குமளவு வெற்றிடம்.

அந்தப் படத்தில் மனிதர்களை யாரும் வரைந்ததில்லை.

அறைக்கு வெளியே இரைச்சல் மாறியது. "சார், இங்க வாங்க!" என்று கிடங்கில் பெட்டி தூக்கும் பாரவண்டியின் ஓட்டுநர் அலறினார்.

இருவரும் ஓடினார்கள். கிடங்கில் உருளைகள் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றின்மேல் பெட்டிகள் நகரவில்லை. பின்னால் வந்தவை முட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

முன்னால் யாருமில்லை.

அந்த வெற்றிடத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். தம்பி தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாடை, வியர்வையோடு கலந்து வந்தது.

மேலாளரின் முகம் வெளிறியது. "விடச் சொல்லும்மா," என்று கிசுகிசுத்தார். "அக்கா சொன்னா கேப்பான்ல?"

"இப்பதான் அவனுக்கு அக்கா இருக்கறது தெரியுதா?"

மேலாளர் பின்வாங்கி, பெட்டி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் சேருமிடத்தை நெருங்கி, ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"விட்டுடாதடா. கயிறே இல்லைன்னு இவர் வாயால வர்ற வரைக்கும் விட்டுடாத."

முதல் பெட்டியின் அட்டை உள்ளே அமுங்கியது.

இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு.

பிறகு, சுழலும் உருளைகளுக்கு எதிராக, வரிசை முழுவதும் மேலாளர் நின்ற பக்கமாக நகரத் தொடங்கியது.