கூடையில் ஒரு ஆள்

சுவரோடும் கூரையோடும் சம்பந்தப்பட்ட சகல பெருமக்களும் கைவேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி: பெயிண்ட் காண்டிராக்டர் சொந்தமாக பூம் லிஃப்ட் வாங்கிவிட்டார். அதைப் பழையது என்று யாரும் சொல்லக் கூடாது. கைமாறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்கு சக்கரம், நீண்டு மடங்கும் ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் ஒரே ஒரு ஆள் நிற்கும் கூடை. ஈரச் சுவரைப் பெயிண்டால் மறைத்துப் பிறர் தலையில் கட்டுவதில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர், விற்பவனின் கொட்டகையில் பளபளத்த புது மஞ்சளைக் கண்டதும் சொக்கிப்போனார். டயரை ஓர் உதை உதைத்துப் பரிசோதனையை முடித்துக்கொண்டார். சான்றிதழ் கேட்பது தன் அனுபவத்துக்கு இழுக்கு என்று நினைத்தார்.

"ஏன் விக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஓட்ட ஆள் இல்லாம போச்சு," என்றான் விற்றவன், வேறு பக்கம் பார்த்தபடி.

வேலையிடத்துக்கு வந்ததும் அது கத்தத் தொடங்கியது. எந்திரங்களைக் கவனிப்பது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. சிமெண்டு மூட்டையை அவன் தூக்குகிறானா, மூட்டை அவனைத் தூக்குகிறதா என்று சொல்ல முடியாத உடம்பு. அவன் கூடைக்குள் கால் வைத்ததும் பாரம் அதிகம் என்று அலாரம் அலறியது. கூடை அசைய மறுத்தது.

"மாமா, இதுல ஏற்கெனவே ஒரு ஆள் நிக்கிற மாதிரி கணக்குப் பண்ணுது."

"அப்ப அவனுக்கும் சேத்துக் கூலி குடுக்கணுமா? வயரப் புடுங்குடா."

பிடுங்கினான். சத்தம் செத்தது. கூடை அசைந்தது. ஆனால் மச்சான் இறங்கி எட்டப் போய் நின்றான்.

"நான் ஏற மாட்டேன் மாமா. அக்காகிட்ட வேணா சொல்லிக்கோங்க."

இருட்டுவதற்குள் உச்சிச் சுவர் முடியாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கட்டடத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"உங்க பரம்பரையே நாற்காலி மேல ஏறினா தலை சுத்துற பரம்பரை. தள்ளு," என்று காண்டிராக்டரே ஏறினார். மச்சான் நீட்டிய பாதுகாப்பு பெல்ட்டை வாங்கிக் கூடையின் மூலையில் எறிந்தார்.

காலடியில் இருந்த பெடலை மிதித்ததும் இன்ஜின் உறும, டீசல் புகையும் புதுப் பெயிண்டின் நெடியும் மூக்கை அடைக்க, அந்தி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த சுவர் ஜன்னல் ஜன்னலாகக் கீழே நழுவியது. மச்சான் ஒரு கருப்புப் புள்ளியானான். காற்று மட்டும் மேலே மேலே குளிர்ந்துகொண்டே வந்தது. புது மஞ்சளுக்கு அடியிலிருந்து வேறொரு வாடை கசிந்தது. நாள்பட்ட வியர்வை. ஊறிய துரு. எத்தனையோ ஈரச் சுவர்களை மூடியவருக்கு அது தெரிந்த வாடைதான்: உள்ளே இருப்பது வெளியே வரும்போது அடிப்பது.

கூடை பின்பக்கமாகச் சற்றே சாய்ந்தது. யாரோ கால் மாற்றி நின்றதுபோல.

அவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். எடுத்தால் நின்றுவிட வேண்டும். அந்த எந்திரத்தின் முதல் பாடமே அதுதான்.

நிற்கவில்லை.

குனிந்து பார்த்தார். பெடல் அழுந்தியே இருந்தது.

"மாப்ள! கீழ இருந்து இறக்குடா!" பரம்பரையைக் கேலி பண்ணிய மிடுக்கெல்லாம் குரலை விட்டுப் போயிருந்தது.

கீழே மச்சான் சக்கரத்தருகே இருந்த சுவிட்சுகளோடு மல்லுக்கட்டுவது தெரிந்தது. சுவரை விட்டு விலகி, கூடை வெற்று வானத்துக்குள் நீண்டது.

"இறங்க மாட்டேங்குது மாமா!" அவன் குரல் காற்றில் பிய்ந்து வந்தது. "ரெண்டு பேரும் ஆடாம நில்லுங்க!"

ரெண்டு பேரும்.

அவர் திரும்பவில்லை. கழுத்து வரவில்லை. இன்ஜின் அணைந்தது. காதருகே மூச்சு. அவருடையது அல்ல.

பெல்ட். பெல்ட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். பார்வையைத் திருப்பாமல் மூலையில் கை துழாவினார். வெறும் தகரம்.

பெல்ட்டின் கொக்கி கிடைத்தது. கம்பி வளையத்தில் மாட்டியிருந்தது. அதிலிருந்து பட்டை விறைப்பாக நீண்டு, அவர் விலாவை உரசி, பின்னால் போயிற்று. பின்னால் யாரோ அதைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பட்டை மூச்சுக்கு மூச்சு தளர்ந்தது. இறுகியது.

அவர் முன்னால், யாரும் தொடாமல், கூடையின் கதவுக் கம்பி மெல்ல மேலே தூக்கிக்கொண்டது. முதுகின் நடுவில் ஓர் உள்ளங்கை பதிந்தது. ஈரமாக. பொறுமையாக.

கீழே போன வாரம் போட்ட சிமெண்டுத் தரை நன்றாக இறுகியிருந்தது.